பட்டத்துக்குப் பெரிய எழுத்தா, பாடத்துக்குச் சின்ன எழுத்தா? அறிகுறி பார்த்துத் திருத்தும் வழி

ஒன்றாம் வகுப்பில் தமிழுக்கு ரெண்டு கோடு நோட்டு, ஆங்கிலத்துக்கு நாலு கோடு நோட்டு. பெரிய ஏபிசிடி ஒரு பக்கம், சின்ன ஏபிசிடி ஒரு பக்கம் எழுதிக்கொண்டு போய்க் காட்டினோம். எந்த இடத்தில் எது வரும் என்பதற்கு, “வாக்கியம் தொடங்கும்போது, ஆள் பேருக்கு, ஊர் பேருக்குப் பெரிய எழுத்து” என்ற ஒரே வரியோடு பாடம் முடிந்துவிட்டது. தமிழில் எழுத்துக்கு இந்தப் பெரிசு சின்னதே கிடையாது என்பதால் வீட்டிலும் யாரும் அதைப் பற்றிக் கவலைப்படவில்லை. பதினைந்து வருஷம் கழித்து ரெஸ்யூம் எழுதும்போதும், வெளிநாட்டுப் படிப்புக்கு எஸ்ஓபி (ஏன் அந்தப் படிப்பு என்று விண்ணப்பத்தோடு தரும் நோக்கக் கட்டுரை) எழுதும்போதும் அந்த விட்டுப்போன பாடம் வட்டியோடு வந்து நிற்கிறது.

மாணவர்களின் எஸ்ஓபி, ரெஸ்யூம், ஆய்வேட்டு முன்னுரை ஆகியவற்றை நான் திருத்திக் கொடுப்பதுண்டு. இலக்கணப் பிழைகூட ஆளுக்கு ஆள் மாறும். பாடப் பெயரிலும் பட்டப் பெயரிலும் விழும் பெரிய எழுத்துப் பிழை மட்டும் எல்லாரிடமும் அச்சில் வார்த்ததுபோல் ஒரே மாதிரி இருக்கும். அதனால்தான் அறிகுறியை வைத்தே காரணத்தைச் சொல்லிவிட முடிகிறது.

ஒரு ஏற்பாடு செய்துகொள்வோம். ஆங்கிலச் சொற்களையும் இங்கே தமிழிலேயே எழுதுகிறேன். எந்தச் சொல் பெரிய எழுத்தில் தொடங்க வேண்டுமோ அதற்கு முன்னால் ▲ என்று ஒரு கொம்பு இருக்கும். கொம்பு இல்லாத சொல் முழுக்கச் சின்ன எழுத்து. ‘▲காவிரி’ என்றால் முதல் எழுத்து பெரியது. ‘ரிவர்’ என்றால் எல்லாமே சின்னது.

அடிப்படைக் கோளாறு ஒன்றுதான். பெரிய எழுத்தை நாம் மரியாதை என்று எடுத்துக்கொள்கிறோம். ‘திரு’ போடுவதுபோல, ‘அவர்கள்’ சேர்ப்பதுபோல, முக்கியமான சொல்லுக்கெல்லாம் ஒரு கொம்பு வைத்துவிடுகிறோம். நாலு வருஷம் கஷ்டப்பட்டுப் படித்த இயற்பியலைச் சின்ன எழுத்தில் எழுத மனசு வருவதில்லை. ஆனால் ஆங்கிலத்தில் பெரிய எழுத்து என்பது கழுத்தில் தொங்கும் பெயர் அட்டை. அந்தச் சொல் ஒரு தனிப்பட்ட ஒன்றின் பெயர் என்று மட்டும்தான் அது சொல்கிறது. ஆறு என்பது வகை, காவிரி என்பது பெயர். கோயில் என்பது வகை, மீனாட்சி அம்மன் கோயில் என்பது பெயர். கீழே வரும் அறிகுறிகளில் பாதி, ‘இது வகையா, பெயரா?’ என்று கேட்டதுமே தீர்ந்துவிடும். மீதிப் பாதிக்குத்தான் இவ்வளவு நீளக் கட்டுரை.

அறிகுறி: பத்தி முழுக்கக் கொம்புக் காடு

“சிறு வயதிலிருந்தே எனக்கு ▲ஃபிசிக்ஸ் பிடிக்கும், ▲மேத்தமேட்டிக்ஸில் நல்ல மதிப்பெண், பிறகு ▲மெஷின் ▲லேர்னிங்கில் ஆர்வம் வந்தது” என்று போகும் பத்தி. படிப்பவர் கண்ணுக்கு அது வழி நெடுக வேகத்தடை போட்ட சாலை.

காரணம் மதிப்பெண் பட்டியல். பத்தாம் வகுப்பிலிருந்து பாடப் பெயரை நாம் பார்த்ததெல்லாம் பட்டியலில்தான், அதுவும் பெரும்பாலும் முழுக்கப் பெரிய எழுத்தில். பட்டியலில் பார்த்த உருவத்தை அப்படியே வாக்கியத்துக்குள் கொண்டுவந்து விடுகிறோம்.

பாடம் என்பது அறிவுத்துறையின் வகைப்பெயர். வாக்கியத்துக்குள் ஃபிசிக்ஸ், கெமிஸ்ட்ரி, எகனாமிக்ஸ், ஹிஸ்டரி, கம்ப்யூட்டர் சயின்ஸ், டேட்டா சயின்ஸ், மெக்கானிக்கல் எஞ்சினியரிங் எல்லாமே சின்ன எழுத்து. வாக்கியத்தின் முதல் சொல்லாக வந்தால் மட்டும் பெரியது. அது பாடத்துக்காக இல்லை, வாக்கியத்துக்காக. ரெஸ்யூமில் ‘திறன்கள்’ என்று ஒன்றின் கீழ் ஒன்றாகப் பட்டியல் போடும்போது ஒவ்வொரு வரியின் முதல் எழுத்தும் பெரியதாக இருக்கலாம். அதுவும் வரியின் தொடக்கம் என்பதால்தான்.

அறிகுறி: எல்லாவற்றையும் சின்னதாக்கினீர்கள்; இப்போது ‘தமிழ்’ என்ற சொல்லின் கீழே சிவப்புக் கோடு

முந்தைய வைத்தியத்தை அளவுக்கு மீறிச் செய்ததன் பக்கவிளைவு. மொழிப் பெயர் எப்போதும் தனிப்பெயர். ▲தமிழ், ▲இங்கிலீஷ், ▲சான்ஸ்கிரிட், ▲ஃபிரெஞ்ச் எங்கே வந்தாலும் கொம்போடுதான் வரும்.

“அப்படியானால் ஆங்கிலத்துக்குப் பெரிய எழுத்து, கணக்குக்குச் சின்ன எழுத்தா? இதென்ன பாரபட்சம்?” என்று ஒரு மாணவி கேட்டாள். நியாயமான கேள்விதான். ஆங்கிலம் பாடம் என்பதால் அதற்குப் பெரிய எழுத்து வரவில்லை. மொழி, இனம், நாடு இவற்றின் பெயருக்குப் பெரிய எழுத்து. அந்தப் பெயர் பாடத்துக்கும் வந்து அமர்ந்திருக்கிறது, அவ்வளவுதான். அதனால் ஒட்டும் சொல்லைக் கவனிக்க வேண்டும்: ▲தமிழ் லிட்டரேச்சர், ▲இந்தியன் ஹிஸ்டரி, ▲கர்னாட்டிக் மியூசிக், ▲டிராவிடியன் லிங்விஸ்டிக்ஸ். முன்னால் நிற்கும் சொல்லுக்கு மட்டும் கொம்பு. பின்னால் வரும் லிட்டரேச்சரும் மியூசிக்கும் வகைதான்.

ஆள் பெயரிலிருந்து வந்தவையும் இப்படியே. ஜார்ஜ் பூல் பெயரால் வந்தது ▲பூலியன் அல்ஜீப்ரா. யூக்ளிட் பெயரால் ▲யூக்ளிடியன் ஜியாமெட்ரி. நியூட்டன் பெயரால் ▲நியூட்டோனியன் மெக்கானிக்ஸ். பூலியனுக்குப் பக்கத்திலேயே நிற்கும் அல்ஜீப்ரா அரபிச் சொல்லிலிருந்து வந்தது, ஆனால் எந்த ஆளின் பெயரும் இல்லை. அதனால் சின்ன எழுத்து.

அறிகுறி: சுருக்கம் பெரிய எழுத்தில் இருப்பதால் விரிவும் பெரிதாகிவிட்டது

பொறியியல் மாணவர்களின் தனி நோய் இது. கல்லூரியில் நாலு வருஷம் ‘ட்ரிபிள் ஈ’, ‘ஈசிஈ’, ‘சிஎஸ்ஈ’ என்று துறைப் பெயரைச் சுருக்கியே பேசி வாழ்ந்தவர்கள், விரித்து எழுதும்போது மூன்று சொல்லுக்கும் மூன்று கொம்பு வைக்கிறார்கள். சுருக்கத்தில் இருக்கும் பெரிய எழுத்து சுருக்கத்துக்கானது. அது விரிவுக்கு ஒட்டாது. ஏஐ என்றால் இரண்டு எழுத்தும் பெரியது. ஆர்ட்டிஃபிஷியல் இன்டெலிஜென்ஸ் என்று விரித்தால் இரண்டு சொல்லும் சின்னது. அதே கதைதான் எலெக்ட்ரானிக்ஸ் அண்ட் கம்யூனிகேஷன் எஞ்சினியரிங்குக்கும். அடைப்புக்குறிக்குள் சுருக்கத்தைப் பெரிய எழுத்தில் போட்டுக்கொள்ளுங்கள், வெளியே விரிவு சின்ன எழுத்தில் இருக்கட்டும். பார்க்க ஏதோ தப்பாகத் தெரியும். இரண்டு நாளில் பழகிவிடும்.

அறிகுறி: “மதிப்பெண் பட்டியலில் பெரிய எழுத்தில்தானே இருக்கிறது?”

இங்கே கேட்பவர் பக்கமும் நியாயம் இருக்கிறது. கணிதம் வகை; ஆனால் முதல் பருவத்தில் எழுதிய ‘▲எஞ்சினியரிங் ▲மேத்தமேட்டிக்ஸ் ஒன்று’ என்ற தாள் ஒரு தனிப்பட்ட தாள். அதற்கு ஒரு பாடக் குறியீடு உண்டு, ஒரு பாடத்திட்டம் உண்டு, அதில் அரியர் வைத்தவர்களும் உண்டு. அந்தத் தாளின் அதிகாரப் பெயரைச் சொல்லும்போது கொம்பு வேண்டும்.

“எனக்குக் கணிதத்தில் பின்புலம் உண்டு” என்றால் மேத்தமேட்டிக்ஸ் சின்னது. “‘▲எஞ்சினியரிங் ▲மேத்தமேட்டிக்ஸ் இரண்டு’ என்ற தாளில் முழு மதிப்பெண்” என்றால் பெரியது. ‘▲இன்ட்ரடக்ஷன் டு ▲சைக்காலஜி’ என்ற வகுப்பை எடுத்தேன், அதிலிருந்து சைக்காலஜியில் ஆர்வம் வந்தது என்று ஒரே வாக்கியத்தில் இரண்டும் வரலாம். முதலில் வரும் சைக்காலஜிக்குக் கொம்பு, அடுத்ததற்கு இல்லை. இந்த ஒரு வாக்கியம் புரிந்தவர்களுக்கு மற்றதெல்லாம் தானாக வந்துவிடுகிறது என்பதைப் பார்த்திருக்கிறேன்.

தாள் பெயருக்குள் வரும் ஆஃப், டு, அண்ட், இன் போன்ற குட்டிச் சொற்கள் சின்ன எழுத்திலேயே இருக்கும். பெயரின் முதல் சொல்லாக வந்தால் மட்டும் விதிவிலக்கு.

அறிகுறி: ‘பேச்சிலர்ஸ் டிகிரி’க்குக் கீழே எப்போது பார்த்தாலும் நீலக் கோடு

இதுதான் பெரிய புண். ஒரே இடத்தில் மூன்று தவறு சேர்ந்து உட்கார்ந்திருக்கும் என்பதால் கொஞ்சம் பொறுமையாகப் பார்ப்போம்.

ஒரு பட்டத்தை ஆங்கிலத்தில் இரண்டு விதமாகச் சொல்லலாம். ‘இளநிலைப் பட்டம்’ என்று பொதுவாகச் சொல்வது ஒரு விதம்: பேச்சிலர்’ஸ் டிகிரி. ‘இளம் அறிவியல்’ என்று பட்டத்தின் முழுப் பெயரைச் சொல்வது இன்னொரு விதம்: ▲பேச்சிலர் ஆஃப் ▲சயின்ஸ். முதலாவதில் கொம்பு இல்லை, ஆனால் எஸ்ஸுக்கு முன்னால் மேலே ஒரு கமா, அதாவது அப்பாஸ்ட்ரஃபி, உண்டு. இரண்டாவதில் கொம்பு உண்டு; அப்பாஸ்ட்ரஃபியும் இல்லை, எஸ்ஸும் இல்லை.

நம்மவர்கள் இரண்டையும் ஒரே குழம்பில் போட்டுக் கிண்டிவிடுகிறோம். வெளியே வருவது ‘▲பேச்சிலர்’ஸ் ஆஃப் ▲சயின்ஸ்’. பாதி பொது, பாதி முழுப்பெயர். அப்படி ஒரு பட்டத்தை எந்தப் பல்கலைக்கழகமும் தருவதில்லை. எஸ் வேண்டும் என்றால் ஆஃப்பை எடுங்கள்; ஆஃப் வேண்டும் என்றால் எஸ்ஸை எடுங்கள். மாஸ்டருக்கும் இதே மருந்து: மாஸ்டர்’ஸ் டிகிரி அல்லது ▲மாஸ்டர் ஆஃப் ▲ஆர்ட்ஸ்.

அப்பாஸ்ட்ரஃபியை விட்டுவிட்டால் பேச்சிலர்ஸ் என்பது ‘கல்யாணமாகாத ஆண்கள்’ என்று ஆகிவிடும். சென்னையில் வாடகை வீட்டு விளம்பரத்தில் வரும் அதே பேச்சிலர்ஸ்தான். “எனக்கு இரண்டு கல்யாணமாகாத ஆண்கள் இருக்கிறார்கள்” என்று எழுதிவிட்டு விசாவுக்குக் காத்திருக்க வேண்டாம். அமெரிக்காவில் இரண்டு வருஷப் படிப்புக்குத் தரும் அசோசியேட் டிகிரிக்கு மட்டும் அப்பாஸ்ட்ரஃபி போடாமல் எழுதுவது அங்கே பத்திரிகை வழக்கம். நம் ஊர் ரெஸ்யூமில் அது அநேகமாக வராது. வந்தால் நினைவில் இருக்கட்டும்.

பட்டத்துக்குப் பிறகு ‘இன்’ போட்டு வரும் பாடம் எப்படி? ▲பேச்சிலர் ஆஃப் ▲சயின்ஸ் இன் கெமிஸ்ட்ரி. சயின்ஸ் பெரியது, கெமிஸ்ட்ரி சின்னது. ஒரே வரியில் பக்கத்துப் பக்கத்து வீட்டில் இருக்கும் இரண்டு பாடத்துக்கு இரண்டு விதியா என்று தோன்றும். சயின்ஸ் இங்கே பட்டத்தின் பெயருக்குள் இருக்கிறது; கெமிஸ்ட்ரி அந்தப் பட்டத்துக்கு எடுத்த பாடம், பெயருக்கு வெளியே நிற்கிறது. வாசற்படிக்கு உள்ளேயா வெளியேயா என்பதுதான் கணக்கு.

டாக்டரேட் என்பது பொதுச் சொல், அதனால் சின்ன எழுத்து. ▲டாக்டர் ஆஃப் ▲ஃபிலாசஃபி முழுப்பெயர். ‘டாக்டரேட் டிகிரி’ என்று சேர்த்து எழுதுவது ‘நடு சென்டர்’ மாதிரி. டாக்டரேட் என்றாலே அந்தப் பட்டம்தான். டிகிரி வேண்டும் என்றால் டாக்டரல் டிகிரி.

பிறகு ஒரு உள்ளூர்க் கவனம். அண்ணா பல்கலைக்கழக இணைப்புக் கல்லூரிகளில் கம்ப்யூட்டர் சயின்ஸ் படித்தவருக்குக் கிடைப்பது பி.இ.; பக்கத்து வகுப்பில் இன்ஃபர்மேஷன் டெக்னாலஜி படித்தவருக்குக் கிடைப்பது பி.டெக். இரண்டும் நாலு வருஷம், வளாகமும் ஒன்று. ஆனால் பட்டத்தின் பெயர் வேறு. கொம்பைச் சரியாக வைத்து, பட்டத்தைத் தப்பாக எழுதியவர்களைப் பார்த்திருக்கிறேன். சான்றிதழை எடுத்து ஒருமுறை பார்த்துவிட்டு எழுதுங்கள்.

அறிகுறி: பிஎஸ்சியில் எந்த எழுத்து பெரியது என்று ஒவ்வொரு முறையும் சந்தேகம்

சந்தேகம் தீர, சுருக்கத்தை உடைத்துப் பார்க்க வேண்டும். பேச்சிலரிலிருந்து பி. சயின்ஸிலிருந்து எஸ், சி என்று இரண்டு எழுத்து. ஒரு சொல்லிலிருந்து இரண்டு எழுத்து எடுத்தால் முதலாவது மட்டும்தான் பெரியது. ஆக பி பெரியது, எஸ் பெரியது, சி சின்னது. பி.காமில் காம் என்பது காமர்ஸின் முதல் மூன்று எழுத்து. அதில் முதலாவது மட்டும் பெரியது. பி.டெக், பி.எட், எம்.ஃபில் எல்லாம் அதே கணக்கு. பிஎச்.டியில் பி பெரியது, எச் சின்னது, டி பெரியது. ஏனென்றால் பியும் எச்சும் ஃபிலாசஃபியின் முதல் இரண்டு எழுத்து. லத்தீன் வரிசைப்படி ஃபிலாசஃபி முன்னால், டாக்டர் பின்னால்.

இதே பிழை தமிழிலும் இருக்கிறது, கவனித்தீர்களா? தமிழில் பெரிய எழுத்து இல்லை. அதனால் பிழை புள்ளியில் போய் விழுகிறது. கல்யாணப் பத்திரிகையில் பாருங்கள்: ‘பி.எஸ்.சி.’ என்று மூன்று புள்ளி. எஸ்ஸும் சியும் ஒரே சொல்லின் துண்டு என்பதால் நடுவில் புள்ளி வரக்கூடாது, ‘பி.எஸ்சி.’ என்பதுதான் சரி. அதே பத்திரிகையில் மாப்பிள்ளைக்கு ‘பி.காம்.’ என்று சரியாக இருக்கும். அதை யாரும் ‘பி.சி.ஓ.எம்.’ என்று பிரிப்பதில்லை! காம் என்று ஒரு சொல்லாக வாயில் வருகிறது, எஸ்சி எழுத்தெழுத்தாக வருகிறது. காது செய்த குழப்பம் இது. ‘பி.எச்.டி.’யும் அப்படியே. கணக்குப்படி ‘பிஎச்.டி.’

சட்டப் பட்டத்தில் வேறொரு வேடிக்கை. எல்எல்.பி.யில் இரண்டு எல் எதற்கு? லத்தீனில் சொல்லைப் பன்மையாக்கச் சுருக்கத்தின் எழுத்தை இரட்டிப்பது வழக்கம். ஒரு எல் என்றால் சட்டம், இரண்டு எல் என்றால் சட்டங்கள். அதனால் ஆங்கிலத்தில் இரண்டு எல்லும் பெரியது, நடுவில் புள்ளியும் கிடையாது. பழைய வக்கீல் வீட்டுப் பெயர்ப்பலகைகளில் இருக்கும் ‘பி.ஏ., பி.எல்.’ ஆங்கிலப் பெயரின் நேர்ச் சுருக்கம் என்பதால் அங்கே ஒரே எல்.

எம்.பி.பி.எஸ்.ஸில் நாலும் பெரிய எழுத்து; சிக்கல் இல்லை. விரிக்கும்போதுதான் சிக்கல். முன்னால் இருக்கும் எம்மை மாஸ்டர் என்று நினைத்து விரித்தவர்கள் உண்டு. அது மெடிசின். ▲பேச்சிலர் ஆஃப் ▲மெடிசின், ▲பேச்சிலர் ஆஃப் ▲சர்ஜரி என்ற இரண்டு பட்டம் அதில் அடக்கம். இரண்டு பி வருவது அதனால்தான்.

புள்ளி வைக்கலாமா கூடாதா? இந்தியப் பல்கலைக்கழகங்கள் பெரும்பாலும் வைக்கின்றன. எழுத்து நடைக்கு விதி சொல்லும் அமெரிக்கக் கையேடுகளான சிகாகோ நடைக் கையேடும் ஏபிஏ (அமெரிக்க உளவியல் சங்கம்) நடையும் வேண்டாம் என்கின்றன. எதை எடுத்தாலும் சரி. முதல் பக்கத்தில் புள்ளியோடும் மூன்றாம் பக்கத்தில் புள்ளி இல்லாமலும் இருந்தால்தான் குற்றம்.

அறிகுறி: சரியாகத்தான் அடித்தேன், கம்ப்யூட்டர் மாற்றிவிட்டது

பாதி நேரம் இது உண்மைதான். மூன்று இடத்தில் நடக்கிறது.

முதலாவது, வேர்டில். பி.எஸ்சி. என்று புள்ளி வைத்து, இடம் விட்டு, ‘இன்’ என்று அடித்ததும் அது ‘▲இன்’ ஆகிவிடும். புள்ளியைப் பார்த்ததும் வாக்கியம் முடிந்ததாக மென்பொருள் நினைத்துக்கொள்கிறது. மாறிய கணமே கன்ட்ரோல் இசட் அடித்தால் அந்த மாற்றம் மட்டும் திரும்பிவிடும். நீங்கள் அடித்தது அழியாது. நிரந்தரத் தீர்வு வேண்டுமென்றால் ஃபைல், ஆப்ஷன்ஸ், ப்ரூஃபிங், ஆட்டோகரெக்ட் ஆப்ஷன்ஸ் என்று உள்ளே போய் எக்ஸெப்ஷன்ஸ் பொத்தானை அழுத்துங்கள். அதில் ஃபர்ஸ்ட் லெட்டர் என்ற பக்கத்தில் உங்கள் பட்டச் சுருக்கத்தைப் புள்ளியோடு சேர்த்துவிட்டால் பிறகு தொந்தரவு இல்லை. கைபேசி விசைப்பலகையிலும் இதே கூத்து நடக்கும். அங்கே தானியங்கிப் பெரிய எழுத்தை அணைத்துவிடுவதுதான் சுலபம்.

இரண்டாவதும் வேர்டில்தான். ஒரு சொல்லின் முதல் இரண்டு எழுத்து பெரியதாக இருந்தால் கை தவறி அடித்ததாக நினைத்து இரண்டாவதைச் சின்னதாக்கும் ஒரு ஏற்பாடு அதில் உண்டு. புள்ளியில்லாமல் எழுதும் பிஎஸ்சி, பிடெக், எம்ஃபில் எல்லாம் இதில் சிக்கும் வகை. அதே எக்ஸெப்ஷன்ஸ் பெட்டியில் இனிஷியல் கேப்ஸ் என்ற பக்கம் இதற்கு.

மூன்றாவது எக்செல். கல்லூரி அலுவலகங்களில் முந்நூறு மாணவர் பட்டியலை முழுக்கப் பெரிய எழுத்தில் வாங்கி, ப்ராப்பர் என்ற சூத்திரத்தை ஓட்டி ஒரே அடியில் ‘அழகாக்கு’வார்கள். ஆள் பெயருக்கு அது சரி. பட்டம் இருக்கும் பத்தியில், அதாவது நெடுவரிசையில், ஓட்டினால் அழிவு. எழுத்தல்லாத எதற்குப் பின்னால் வரும் எழுத்தையும் அது பெரிதாக்கும், மற்ற எல்லாவற்றையும் சின்னதாக்கும். அதனால் எம்பிபிஎஸ்ஸில் எம் மட்டும் மிஞ்சும். ஆஃப் என்பது ▲ஆஃப் ஆகும். மாஸ்டர்’ஸில் அப்பாஸ்ட்ரஃபிக்குப் பின்னால் இருக்கும் எஸ் பெரிய எழுத்தாகி எழுந்து நிற்கும். அச்சடித்த சான்றிதழில் அந்த எஸ்ஸைப் பார்த்திருக்கிறேன், எந்தக் கல்லூரி என்பது வேண்டாம். புள்ளி வைத்த பி.எஸ்சி. போன்றவற்றுக்கு இதில் தப்பு வராது, ஏனென்றால் புள்ளிக்குப் பின்னால் வரும் எஸ் பெரியதாகும், சி சின்னதாகும். புள்ளி வைத்தால் வேர்டில் அடி, வைக்காவிட்டால் எக்செல்லில் அடி!

பட்டப் பத்தியைச் சூத்திரத்தால் திருத்தாதீர்கள். அந்தப் பத்தியில் உண்மையில் பத்துப் பதினைந்து பட்டங்கள்தான் திரும்பத் திரும்ப வரும். சரியான வடிவங்களை ஒரு பட்டியலாக வைத்து, கண்டுபிடித்து மாற்றும் வசதியில் ஒவ்வொன்றாக மாற்றினால் கால் மணி நேர வேலை.

அறிகுறி: துறைக்கும் பேராசிரியருக்கும் என்ன செய்வது என்று கை நடுங்குகிறது

▲டிபார்ட்மென்ட் ஆஃப் ▲ஹிஸ்டரி என்று பெயர்ப்பலகையில் உள்ளபடி சொன்னால் கொம்பு. ஹிஸ்டரி டிபார்ட்மென்ட் என்று பேச்சுவாக்கில் சொன்னால் கொம்பு இல்லை. ▲இங்கிலீஷ் டிபார்ட்மென்ட்டில் இங்கிலீஷுக்கு மட்டும் உண்டு. காரணம் மேலே பார்த்தாயிற்று.

▲ப்ரொஃபசர் என்று ஆளின் பெயருக்கு முன்னால் ஒட்டினால் பெரியது. “அவர் ஃபிசிக்ஸ் ப்ரொஃபசர்” என்றால் இரண்டும் சின்னது. இங்கேதான் மரியாதைப் பிரச்சினை உச்சத்துக்குப் போகும். “ஐயா, என் கைடு பார்த்தால் கோபித்துக்கொள்வார்” என்று ஒரு ஆய்வு மாணவர் கெஞ்சினார். நன்றியுரைப் பக்கத்தில் மட்டும் கைடின் விருப்பப்படி விட்டுவிடுங்கள் என்றேன். ஆய்வேடு கையெழுத்தாக வேண்டும் அல்லவா. பெயருக்கு முன்னால் டாக்டரும் பின்னால் பிஎச்.டியும் சேர்த்துப் போடுவது மட்டும் வேண்டாம். ஒரே பட்டத்தை இரண்டு தடவை சொல்வது அது.

▲யுனிவர்சிட்டி ஆஃப் ▲மெட்ராஸ் என்று முழுப்பெயர் சொன்ன பிறகு அடுத்த வாக்கியத்தில் ‘அந்தப் பல்கலைக்கழகம்’ என்று வரும்போது யுனிவர்சிட்டி சின்னதாகிவிடும். பல்கலைக்கழகங்கள் தங்களைப் பற்றித் தாங்களே எழுதும்போது இதைப் பெரிதாக வைத்துக்கொள்வதுண்டு. தன் வீட்டில் தான் ராஜா.

அறிகுறி: ஒருவர் சின்னதாக்கித் திருத்தினார், இன்னொருவர் திரும்பப் பெரிதாக்கினார்

இருவரும் சரியாக இருக்கலாம். மேலே பட்டத்தின் முழுப்பெயருக்குக் கொம்பு வைக்கச் சொன்னேன். அசோசியேட்டட் பிரஸ் என்ற அமெரிக்கச் செய்தி நிறுவனத்தின் நடை அதைத்தான் சொல்கிறது, அமெரிக்கப் பத்திரிகைகளில் பலவும் அதன் வழி. சிகாகோ நடை வாக்கியத்துக்குள் பொதுவாகக் குறிப்பிடும்போது முழுப்பெயரையும் சின்ன எழுத்திலேயே எழுதச் சொல்கிறது: மாஸ்டர் ஆஃப் பிசினஸ் அட்மினிஸ்ட்ரேஷன் என்று ஒரு கொம்பும் இல்லாமல். பெயருக்குப் பின்னால் அடைமொழியாக வரும்போதும், ரெஸ்யூமிலும், விசிட்டிங் கார்டிலும்தான் அதற்குக் கொம்பு. பொதுச் சொல்லான பேச்சிலர்’ஸ் டிகிரி சின்னது என்பதில் இருவருக்கும் சண்டை இல்லை.

விண்ணப்பிக்கும் பல்கலைக்கழகமோ ஆய்விதழோ நடைக் குறிப்பு வைத்திருந்தால் அதன்படி போங்கள். எதுவும் சொல்லாவிட்டால் முழுப்பெயருக்குக் கொம்பு வைப்பதே நம்மவர்களுக்கு வசதி என்பது என் கட்சி. பட்டம் எது, பாடம் எது என்பது பார்த்ததும் பிரிந்து தெரியும். படிவத்தில் ‘சான்றிதழில் உள்ளபடி’ என்று கேட்டிருந்தால் எந்த நடையும் வேண்டாம். சான்றிதழில் உள்ளதை எழுத்துக்கு எழுத்து பார்த்து எழுதுங்கள்.

மூன்றாவதாக ஒருவர் வந்து, “பழைய ஆங்கிலப் புத்தகத்தில் எல்லாப் பெயர்ச்சொல்லுக்கும் பெரிய எழுத்து இருக்கிறதே” என்பார். இருக்கும். 1787இல் எழுதிய அமெரிக்க அரசியலமைப்பின் முகவுரையிலேயே ஜஸ்டிஸுக்கும் யூனியனுக்கும் கொம்பு உண்டு. அந்த வழக்கம் பிறகு ஆங்கிலத்தில் போய்விட்டது. ஜெர்மன் மொழியில் இன்றும் எல்லாப் பெயர்ச்சொல்லுக்கும் பெரிய எழுத்துதான். ஜெர்மனிக்கு எஸ்ஓபி எழுதுகிறீர்கள் என்றாலும் அதை ஆங்கிலத்தில் எழுதினால் ஆங்கில விதிதான்.

அனுப்புவதற்கு முன் ஒரு கடைசிச் சோதனை

வேர்டில் விரிவான தேடல் பெட்டியைத் திறந்து, மேட்ச் கேஸ் என்ற கட்டத்தில் டிக் அடியுங்கள். இப்போது பெரிய எழுத்தோடு ▲பேச்சிலர் என்று தேடுங்கள். நிற்கும் ஒவ்வொரு இடத்திலும் பின்னால் ஆஃப் இருக்கிறதா என்று பாருங்கள்; இல்லையென்றால் கொம்பை எடுங்கள். ▲மாஸ்டருக்கும் அதே. பிறகு ▲எஞ்சினியரிங், ▲சயின்ஸ், ▲டிபார்ட்மென்ட். அடுத்ததாகத் தமிழ், இங்கிலீஷ், இந்தியன் மூன்றையும் சின்ன எழுத்தில் தேடுங்கள், எதுவும் நிற்கக்கூடாது. கடைசியில் எச் பெரிய எழுத்தாக இருக்கும் பிஎச்டியைத் தேடுங்கள். இரண்டு பக்க எஸ்ஓபியில் ஒன்றாவது அகப்படும், பெரும்பாலும் கைடின் பெயருக்குப் பக்கத்தில்.